ஆறு வீட்டுப் பூட்டும் என் வாயும்

புருஷன்மாரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெண்களின் ஈமெயிலுக்குக் காவல் இருப்பது சம்பளமில்லாத உத்தியோகம். மாத்தளையில் எங்கள் ஒழுங்கைக்கு முதலில் இன்டர்நெட் வந்தது என் வீட்டுக்கு; ஆறு வீட்டு ஈமெயிலும் என் தலையில் விழுந்தது, அதோடு என் நிம்மதி போனது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

அடுப்பில் போனது

பக்கத்து வீட்டு ஃபரீதாவின் புருஷன் தோஹாவில் டிரைவர். இரண்டு வருஷமாக முகம் பார்க்கவில்லை. அவளுக்கும் மகளுக்குமான விசாக் கடிதம் ஈமெயிலில்தான் வரவேண்டும். மகள் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தாள், ஊருக்கே தெரியும். திட்டிவிட்டு, யாரும் ஊகிக்க முடியாததாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். பத்திரமாக எழுதிவைக்கச் சொன்னால், தினக் கலண்டர் தாளில் எழுதியிருக்கிறாள்! மறுநாள் காலை வந்து நின்றாள்.

"நேத்துத் தாளைக் கிழிச்சி மாமி அடுப்புப் பத்தவெச்சிட்டாங்க அக்கா. ஒங்ககிட்ட இன்னொண்ணு இருக்கும்தானே?"

சோதனைச் சாவடியில்

ஒருவழியாக அவள் ஈமெயிலை மீட்டு, ஆறு வீட்டுப் பாஸ்வேர்டையும் ஒரே துண்டில் எழுதி, பெயர் போடாமல் என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்! ஃபரீதாவோடு பலாபத்வலைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸை நிறுத்திச் சோதித்த சிப்பாய் கையில் அது அகப்பட்டது. எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு வரி. யுத்தம் நடந்த அந்த நாட்களில் சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்? கான்வென்ட் இங்கிலீஷில் நான் விளக்க விளக்க அவன் முகம் இறுகியது. பஸ்ஸே என்னை முறைத்தது.

ஃபரீதாதான் சிங்களத்தில், "தோஹாவுல இருந்து என் புருஷன் எழுதுறதை மத்தவங்க படிக்காம இருக்கத்தான் மாத்தயா" என்றாள். அவன் சிரித்துவிட்டான்.

"என் பொஞ்சாதியும் வெளிநாட்டுலதான், லெபனான்ல இருக்கா. ஆனா மிஸ், ரகசியத்தை யாராவது கைப்பையில கொண்டு திரிவாங்களா?"

ஒரே பூட்டு

அந்தச் சூட்டோடு பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆறு வீட்டுச் சாவியையும் அது பூட்டி வைத்துக்கொள்ளும். நான் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். கான்வென்ட் சிஸ்டர் என்னை ஏழு வருஷம் திட்டிய இங்கிலீஷ் வசனத்தை முழுதாகப் போட்டேன். எவனாலும் உடைக்க முடியாது.

விசா வந்துவிட்டதாகத் தோஹாவிலிருந்து போன் வந்த அன்று ஃபரீதா, மாமி, ஆறு வயது மகள் மூவரும் என் முதுகுக்குப் பின்னால் மூச்சுப் பிடித்து நின்றார்கள். பூட்டுத் திறந்தது, கடிதம் இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஃபரீதா அழுதுகொண்டே சிரித்தாள். நான் பெருமையாகப் பாதுகாப்பைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லியே எழுதவேண்டும் என்பது கான்வென்ட் பழக்கம். அது இன்னும் என்னை விடவில்லை என்று மாமி வாய் திறக்கும்வரை எனக்கே தெரியாது.

"அதெல்லாம் சரி புள்ள, ஒவ்வொரு தரமும் தொறக்கக்குள்ள சத்தமா ஓதுறியே, அது எங்க பேத்திக்கே மனப்பாடம்!"

ஃபரீதா மகளோடு தோஹா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வசனத்தை மாற்றிவிட்டு, பூட்டைத் திறக்குமுன் வாயில் ஒரு டொஃபியைப் போட்டுக்கொள்கிறேன்.