பெல்மோர்க்காரர்கள்

மாமாவின் தபால் பை காக்கித் துணியால் ஆனது. அடியில் தோல் வைத்துத் தைத்திருக்கும். மழைநாளில் அதை உரச்சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். தலை நனைந்தாலும் பை நனையாது. அவர் அம்மாவின் அண்ணன். எங்கள் தோட்டத்துக்கும் ருவான்வெல்லைத் தபால் கந்தோருக்கும் இடையே முப்பது வருடம் கடிதம் சுமந்து நடந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் உறையின் மேல் எந்த மொழியில் எழுதியிருந்தாலும், எழுத்தின் சாயலைப் பார்த்தே எந்த லயத்து வரிசையில் எந்தக் காம்பரா வீட்டுக்கு என்று சொல்லிவிடுவார். அவர் இறந்து ஒரு வருடமாகிறது. நல்லவர் என்று மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவரோடு நான் ஏழு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். தவறு என்னுடையது.

எங்கள் லயங்கள் இருந்த இடத்துக்கு ஊத்துமலை என்று பெயர். லயத்துக்குப் பின்னால் பாறை இடுக்குகளில் ஏழெட்டு ஊற்றுகள் உண்டு. மூங்கிலைப் பிளந்து வைத்தால் போதும், வாசலுக்கே தண்ணீர் வரும். வெயில் காலத்திலும் அது நின்றதில்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை; சொன்னால் லயத்துப் பையன் என்று தெரிந்துவிடும். பெரிய தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன். பிறகு எங்கள் வீட்டில் முதல் ஆளாக உயர்தரப் பரீட்சை தேறி, பிரதேச செயலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், குடும்ப விபரப் படிவங்களை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. 'கிராமத்தின் பெயர்' என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரையும் மலை நம்பரையும் எழுதிக்கொண்டே போனேன். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்துமலன்னு போடலியாடா?"

"அப்பிடி ஒரு பேரு ரெக்கோட்ல இல்ல மாமா."

"நா பொறந்ததுலருந்து அங்கதான் கெடக்குறேன். ரெக்கோட்டுக்கு வேற யாரு வந்து சொல்லணும்? எழுதித்தான் வையேன், கை தேஞ்சா போகும்?"

"ஆபீசு வேல ஒங்களுக்கு வெளங்காது" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து, நானும் அம்மாவும் டவுனில் குடியேறியிருந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவிடம் மட்டும், "ஆபீசர் மாப்ள சொகமா?" என்று கேட்பாராம்.

அந்த வருடம் வைகாசி மழை நான்கு நாளாக விடவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணியளவில், மண்சரிவு அபாயத்தால் உடனடியாக ஆட்களை வெளியேற்ற வேண்டிய இடங்களின் பட்டியல் மேலிடத்திலிருந்து வந்தது. நான்காவது வரியில் 'பெல்மோர், மேல் லயங்கள்' என்று இருந்தது. எங்கள் அதிகாரி மாத்தயா என்னைத் தம்பி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மல்லி, பெல்மோர் கொஹேத?" எங்கே என்று எனக்கும் தெரியவில்லை, கந்தோரில் எவருக்கும் தெரியவில்லை. தோட்ட ஆபீசுக்கு அடித்தால் போன் வேலை செய்யவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீலரைத் தோட்டத்துப் பாதைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பினார்கள். "பெல்மோர் மேல் லயங்களில் வசிப்போர் உடனடியாக வெளியேறவும்" என்ற தமிழ் அறிவித்தலை எழுதிக் கொடுத்தது நான்தான். எழுதி முடித்ததும் கடமை முடிந்த திருப்தி கூட இருந்தது. ஆனால் பட்டியல் மேசை மேல் கிடந்தது. மழையின் சத்தம் கூடிக்கொண்டே போனது. கடிதம் கொடுக்கிறவருக்குத் தெரியாத பெயர் இருக்காது என்று தோன்றியபோது பதினொன்றரை ஆகிவிட்டது. குடையை எடுக்காமல் தபால் கந்தோருக்கு ஓடினேன்.

தபால் வேன் வராததால் மாமா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க நின்றேன்.

"மாமா, பெல்மோர்னா எங்க?"

"ஏன், ஒனக்கும் கார்டு வந்துருக்கா?" என்றார் ஏறிட்டுப் பார்க்காமலே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சீமைலருந்து ஒரு கெழவி, பழைய தொரையோட மக, வருசா வருசம் கிறிஸ்மஸ் கார்டு போடும், பெல்மோர் பங்களான்னு. பங்களா இடிஞ்சது அதுக்குத் தெரியாது, பாவம். நாந்தான் கொண்டுபோயி வாச்சர் வீட்டுல குடுப்பேன்."

"பங்களா எங்க இருந்துச்சு?"

"நம்ம லயத்துக்கு மேலதான். பெல்மோர் என்னடா பெல்மோர், ஊத்துமலதான் அது."

விஷயத்தைச் சொன்னேன். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு எழுந்தார். வெளியே வாடகைக்கு நின்ற இன்னொரு த்ரீவீலரின் ஓட்டுநர், கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஆ, உல்பத்கந்த நே!" என்றான். சிங்களத்தில் உல்பத என்றால் ஊற்று, கந்த என்றால் மலை. அவன் ஊரார் அந்த மலையை எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு சனமும் அங்கே தண்ணீரைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டை வெட்டி மலையைத் தனதாக்கிய துரைக்குத் தன் ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. நில அளவைப் படத்தில் பெல்மோர் என்று அந்த ஊரின் பெயரையே எழுதிவிட்டார். அவருடைய சின்னத் தோட்டம் பிறகு பெரிய தோட்டத்தோடு சேர்ந்துபோனது. சம்பளத் துண்டிலிருந்து அந்தப் பெயர் போனது, வாய்களிலிருந்தும் போனது. படத்திலும் ஒரு கிழவியின் வாழ்த்து அட்டையிலும் மட்டும் அது மிச்சமிருந்தது; பட்டியல் போட்டவர்கள் பார்த்தது அந்தப் படத்தை. மலைக்குள் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன இரண்டு பெயர்களும் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒன்றையாவது எழுதியிருக்கக்கூடிய பேனா என் கையில் இருந்தது.

அவன் வண்டியில் போனோம்; போக்குப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் பாதி வழியில் இறங்கி மலை ஏறினோம். லயங்களில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மழையால் வேலை இல்லை. எல்லாரும் காம்பராக்களுக்குள் இருந்தார்கள். மாமாவின் பக்கத்துக் காம்பரா அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"என்ன தம்பி இந்த மழைல? மைக்ல சொல்லிட்டுப் போனாங்களே, பெல்மோர்க்காரங்க கெளம்பணுமாம். பாவம், புள்ள குட்டியோட எங்க போவாங்களோ!"

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பாவப்பட்ட சனம் நீதான். கெளம்பு" என்றார் மாமா.

அக்கா சிரித்தார். மாமா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். மாமா அதற்குள் லயத்தின் பின்பக்கம் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"ஊத்து நின்னுபோச்சு" என்றார்.

நான்கு நாள் மழை பெய்தும் மூங்கிலில் ஊற்று நீர் வரவில்லை என்றால் அது மலைக்குள் தேங்கி நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்கவில்லை. மாமா ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே இருப்பவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டு, வெளியே வருகிறவரைக்கும் நின்றார். ஆட்டை அவிழ்க்கப் போன ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கடைசி ஆள் அடிவாரப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம் இருக்கும். லொறியில் கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம், நிற்காமல். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபோது லயங்கள் இருந்த இடம் சிவப்பாக இருந்தது.

இப்போதும் மழைக்காலப் பட்டியல் என் மேசைக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்காமல் நான் அறிவித்தல் எழுதுவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அன்றைய அரை மணி நேரம் இன்னும் எனக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

மண் சரிந்த அன்று பின்நேரம் பள்ளி மண்டபத்தில் இடம்பெயர்ந்தோர் பதிவை நானே எழுத உட்கார்ந்தேன். இடத்தின் பெயர் என்ற கட்டத்தில் 'ஊத்துமலை' என்று எழுதத் தொடங்கியதும் மாத்தயா குனிந்து பார்த்தார். "பெல்மோர் கியலா லியன்ன மல்லி" என்று, பெல்மோர் என்றே எழுதச் சொன்னார். பட்டியலில் இருக்கும் பெயருக்குத்தான் நிவாரணம் இறங்கும், வேறு பெயர் போட்டால் விசாரிக்கவே ஒரு வாரமாகும் என்று மெதுவாகத்தான் விளக்கினார். அவர் சொன்னது உண்மை. நான் பிடிவாதமாகத் தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் இருந்தேன். வரிசையில் முதலாவதாக மாமா நனைந்த சட்டையோடு நின்றார்.

"பெல்மோர்னே எழுதுடா."

"மாமா, நீங்கதானே அன்னைக்கி..."

"அன்னைக்கி இவனுகளுக்கு வீடு இருந்துச்சு. இப்ப புள்ளைகளுக்குப் பால்மா வரணும். எழுது."

வெட்டி எழுதினேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஆனால் படிவத்தில் உள்ளபடி ஒவ்வொருவரையும் நான் கேட்டாக வேண்டும். எந்த இடம் என்று கேட்டேன். நான் என்ன எழுதப் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். மாமா சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அப்படியும் பக்கத்துக் காம்பரா அக்கா என் கண்ணைப் பார்த்து, "ஊத்துமல" என்றார். பெல்மோர் என்று எழுதினேன். அடுத்தவரும் "ஊத்துமல" என்றார். பெல்மோர் என்று எழுதினேன். வரிசை முடிய இருட்டிவிட்டது. ஒருவர் கூட மாற்றிச் சொல்லவில்லை.