ராகுகாலத்தில் ஊற்றிய சக்கரம்

வார்ப்புப் பட்டறை வைத்தவனுக்கு இரண்டு பகையாளிகள்: இரும்புக்குள் அடைந்த காற்று, வாசலில் நிற்கிற வாடிக்கைக்காரர். காற்றையாவது கொதிக்க வைத்துத் துரத்தலாம். நெருப்போடும் அவசரக்காரர்களோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கிற சக பாவிகளே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தக்கலையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆப்பம்

அதுவரை எங்களுக்குத் தோசைக்கல், எடைக்கல் என்று சில்லறை வேலைதான். அரிசி மில் வைத்திருந்த சிதம்பரம் பிள்ளை ஒரு பெரிய பல்சக்கரம் கேட்டார். அது தேறினால் மில் வேலை எல்லாம் எங்களுக்கு. தேறாவிட்டால் மதராஸ் கம்பெனிக்கு. குளச்சலில் ஏலம் போன உடைந்த கப்பலின் உருக்குத் தகடு மலிவாகக் கிடைத்தது. அதை உலையில் போட்டு உருக்கி வார்த்தேன். மேலே பார்க்க வழுவழுவென்று இருந்தது. கடைசல் போட்டு மேல்தோலைச் சீவியதும் உள்ளே எள் எள்ளாக ஓட்டை. பிள்ளை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேஸ்திரி, நான் சக்கரமில்லா கேட்டேன். ஆப்பம் எனக்க வீட்டுலயே சுடுவாவ."

பெருங்காயம்

என் மச்சினன் சத்தியதாஸ் காலேஜில் சயன்ஸ் படித்தவன். "அத்தான், காத்துல முக்காப் பங்குக்கு மேல நைட்ரஜன். அந்தத் தகட்டையும் கரியையும் சேத்து உருக்கும்போ அது இரும்புக்குள்ள போயிருது. இரும்பு உறையும்போ ஓட்டை போட்டுட்டு வெளிய வருது" என்றான். சும்மா வைத்தால் அந்தக் காற்று மேல்முகம் வழியாக மெள்ளத்தான் போகும், அதற்குள் இரும்பு ஆறிவிடும். கொதிக்க வைத்தால் ஒவ்வொரு குமிழும் தன்னோடு கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு போகும்.

கொதிக்க வைக்க ஒரு வழி உண்டு. நீளக் கம்பியின் நுனியில் பச்சைப் புளியங்கொம்பைக் கட்டி, உருகின இரும்பு நிற்கும் வாளிக்குள் அமுக்கினேன். கொம்பின் ஈரம் ஆவியாகிக் கிளம்ப, இரும்பு குதித்தது. குதிப்பு அடங்குமுன் ஊற்றினால் ஓட்டை. அடங்கியபிறகும் சுணங்கினால் இரும்பு கூழாகி அச்சு நிரம்பாது. இடையில் இருப்பது ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். அதைக் கண்டுபிடிக்க எத்தனை தோசைக்கல்லைப் பாழாக்கினேன் என்று என் வீட்டுக்காரியிடம்தான் கேட்கவேண்டும். பட்டறையில் மணல் அச்சு பிடிக்கிற யேசுவடியானுக்கு மட்டும் இதெல்லாம் பெரிய விஷயமாகவே படவில்லை.

"வயித்துல வாயு நின்னா பெருங்காயம் குடுப்போம். இரும்புக்கும் அதத்தான் குடுத்துப் பாருமே."

பத்தரை மணி

இரண்டாம் சக்கரம், கடைசி வாய்ப்பு. பிள்ளை பஞ்சாங்கத்தைப் பார்த்து வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் ஊற்றிவிட வேண்டும் என்று கண்டிப்பு. உலையோ அன்று சண்டித்தனம் பண்ணிப் பத்தேகாலுக்கு மேல்தான் இரும்பை இறக்கியது. கொம்பை அமுக்கினேன். பிள்ளை கையில் கடிகாரம், என் கண் வாளியில். குமிழ் அடங்கவில்லை.

"ஊத்தும்" என்றார். மாட்டேன் என்றேன். "மணி ஆச்சு, ஊத்தும்வே" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அண்ணாச்சி, மில்லு உங்களுக்க மில்லு. பட்டறை எனக்க பட்டறை. ராகு வந்தா அந்த ஓரமா நிக்கட்டும்" என்றேன். மதராஸ் கம்பெனி கண்முன் வந்து போகத்தான் செய்தது. போகட்டும் என்று நின்றேன். குமிழ் அடங்கியது. ஊற்றினோம். அப்போது ராகுகாலம் பிறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ராகுல ஊத்தின சக்கரம் எனக்க மில்லு நடையில ஏறப்பிடாது."

மயிலாடிக்காரர்

ஆனாலும் மனசு கேட்கவில்லை போலும். மில்லில் கல் பாவ வந்திருந்த, சிலையும் வடிக்கிற மயிலாடி ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி சக்கரத்தைக் கயிற்றில் தூக்கச் சொல்லிச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணி கெட்டது போங்கள். கடைசல் போட்டும் பார்த்தாயிற்று. ஒரு எள்ளு இல்லை.

"இப்படிப் பாடுற கல்லு கிடைச்சா நான் அம்மன் சிலைக்கில்லா எடுத்து வைப்பேன்."

அடுத்த ஆர்டர்

சக்கரம் மில்லில் ஏறி ஓடியது. மதராஸ் பேச்சு ஓய்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த மாதம் பிள்ளை இன்னொரு சக்கரத்துக்குச் சொல்ல வந்தார். கூடவே இரண்டு மில்காரர்கள், ஆளுக்கொரு பஞ்சாங்கம். புளியங்கொம்பையும் குமிழையும் நான் விளக்க ஆரம்பித்தேன். பிள்ளை கையமர்த்தினார்.

"அதெல்லாம் கிடக்கட்டும் மேஸ்திரி. இதையும் ராகுகாலத்துலயே ஊத்திரும், இரும்புக்கு அதுதான் ராசி."

இரும்பிலிருந்து நைட்ரஜனை விரட்ட ஒரு பச்சைப் புளியங்கொம்பு போதும். சிதம்பரம் பிள்ளையிடமிருந்து ராகுவை விரட்ட எந்தக் கொம்பு வேண்டும் என்று எந்த மச்சினனும் இன்னும் படித்துச் சொல்லவில்லை.