எனக்குக் கேட்காத முக்கோணம்

மேடைக்கு ஒலி அமைக்கிறவனை ஆட்கள் திரும்பிப் பார்த்தால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு, அந்தப் பார்வை தெரியும்.

நான் யாரிடமும் படிக்கவில்லை. பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன். மனைவி காலமான பிறகு வீட்டில் இருக்க ஏலாமல், லண்டன் ஆர்ச்வேயில் ஒரு சின்ன மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் ஃபோஹோ ஆட்டத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கினேன். ஃபோஹோ, பிரேசிலின் வடகிழக்குப் பக்கத்து இசை. ஒரு அக்கோர்டியன், ஒரு மேளம், ஒரு இரும்பு முக்கோணம், அவ்வளவுதான். சோடி சோடியாக ஒட்டி நின்று, காலை இழுத்து இழுத்து ஆடுவார்கள்.

செத்த மைக்

போன மாரியில் ஒரு நாள், குழுவில் முக்கோணம் வாசிக்கும் செல்சோ அதைத் தட்டுவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மைக் செத்துவிட்டது என்று வயரை மாற்றினேன். மைக்கையும் மாற்றினேன். பிறகு சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். எனக்கு மெல்லியதாக ஏதோ கேட்கத் தொடங்கியபோது, முன்னால் ஆடியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஸ்பீக்கர் பெட்டி தூக்க வரும் என் மனைவியின் தம்பி சிவம் ஓடி வந்தான்.

“அத்தான், என்ன செய்யிறியள்? பல்லுக்குள்ள ஊசி ஏத்தினமாதிரிக் கிடக்கு!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பழுது மைக்கில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சிவத்துக்குச் சொல்லாமல் ஹரோவில் காது சோதிக்கப் போனேன். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் இருந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னாள்.

காது போனால் வேலை போகும். வேலை போனால் ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டுக்குள்தான். அதனால் கேட்காததையும் ஊகித்து, இடைவெளி விட்டு விட்டு அமத்தினேன். நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

“அங்கிள், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணேல்லை.”

மூடிய மைக்

கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும், திரும்பி வராது என்று காது சோதித்த பிள்ளை சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு, அக்கோர்டியன் வாசித்துக் குழுவை நடத்தும் லூசியா, “முக்கோணம் கவனம்” என்று சொல்லிவிட்டே மேடை ஏறினார். கூட்டினால் குத்தும், குறைத்தால் ஆட்டம் கெடும். எது நடக்கிறது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. கடைசியில், இரும்பு தன் பாட்டில் கேட்கட்டும் என்று அந்த மைக்கை முழுதாக மூடிவிட்டேன்.

பிறகு ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் தடுமாறவில்லை. இடைவேளையில் லூசியா நேரே என்னிடம் வந்தார்.

“இன்றைக்குத்தான் சத்தம் சரி. இனி ஒன்றும் சொல்லமாட்டேன், உங்கள் காதை நம்புகிறேன்.”

குறை சொல்லும் வாடிக்கையாளருக்குப் பயந்த காலம் போய், அடுத்து எந்த வாத்தியத்தை மூட வேண்டி வருமோ என்று, என்னை நம்புகிறவருக்குப் பயப்படும் காலம் வந்திருக்கிறது.