சும்மா இருக்கக் கூலி

போயும் போயும் வெர்லின் ஷ்ரூடரைச் சும்மா இருக்கச் சொன்னது அரசாங்கம். அதற்குப் பணமும் கொடுத்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அவருடைய மேட்டுநிலத்தில் மழைக்கு மழை மண் கரைந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை உழாமல், விதைக்காமல் புல் வளரவிட்டால் வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு தொகை வரும். காட்டுக்கோழிகள் அடைகாக்கிற கோடை முடியும்வரை அங்கே புல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பால் பல் விழுவதற்குள் டிராக்டரில் ஏறிய மனிதருக்கு அது ஒன்று போதாதா, உயிரை வாங்க!

அந்தப் பணத்தை நம்பி வீட்டில் ஒரு முடிவும் எடுத்தாயிற்று. மனைவி ஆர்டிஸ் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. முட்டி தேய்ந்துபோய் மேடையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். ஜூன் மாதம் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். கேக் வெட்டி வழியனுப்பினார்கள்.

வெர்லினுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கூட்டுறவுக் கிடங்கில் காலைக் காப்பிக்குப் போனால் பக்கத்துப் பண்ணை லைல் வாயைக் கிளறுவான்.

“என்ன வெர்லின், விளைச்சல் எப்படி? நிலத்தைக் காட்டுக்கோழிக்குக் குத்தகைக்கு விட்டுட்டியாமே?”

“போடா. உன் சோளத்துக்கும் அதே கவர்ன்மென்ட்டுதானே பணம் அனுப்புது?”

“அனுப்புது. ஆனா எனக்கு வேர்க்குதுல்ல? அது கெடக்கட்டும், ரோட்டோரமா உன் நிலத்துல முள்ளுச்செடி பூத்து நிக்குதே, பார்த்தியா? உங்கப்பா மட்டும் இருந்திருந்தா...”

அந்த ஊரில் ரோட்டுப் பக்கம் களை தெரிவது, பொத்தான் போடாத சட்டையோடு சர்ச்சுக்குப் போகிற மாதிரி. வெர்லினுக்கு மானமே போய்விட்டது. முள் வந்தால் ஒரு போன் போடுங்கள், அந்த இடத்தை மட்டும் வெட்ட அனுமதி தருகிறேன் என்று மாவட்ட விவசாய ஆபீஸில் இந்தத் திட்டத்தைப் பார்க்கிற ட்ரூடி சொல்லித்தான் வைத்திருந்தாள். இத்தனூண்டு முள்ளுக்குப் போன் என்ன போன் என்று டிராக்டரில் புல்வெட்டியை மாட்டினார்.

முள்ளை மட்டும்தான் வெட்டினார். ஆனால் ஓரம் கோணலாகத் தெரிந்தது. நேராக்கினார். நேராக்கியதும் எதிர்ப்பக்கம் கோணலாயிற்று. அப்பாடா, எவ்வளவு காலத்துக்குப் பிறகு முதுகு நனைந்தது! மதியத்துக்குள் மேடு முழுவதும் சீவிவிட்ட தலையாகக் கிடந்தது. இறங்கி ஆசையாகப் பார்த்தபோதுதான் காலடியில் உடைந்த முட்டைகள் தெரிந்தன.

மறுநாள் அந்த வழியாக வந்த ட்ரூடி காரை நிறுத்தி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முள்ளை மட்டும்தானே வெட்டினீங்க?”

“அப்படித்தாம்மா ஆரம்பிச்சேன்.”

“நான் என்னன்னு எழுதுவேன், வெர்லின்? விமானத்துலருந்து எடுக்கிற போட்டோவுல கோடு கோடாத் தெரியுமே.”

“பாதியில விட்டா அசிங்கமா இருக்காதா?”

ட்ரூடிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஒப்பந்தம் ரத்தானது. இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்டவேண்டும் என்றார்கள்.

ஆர்டிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது வெர்லினுக்கு.

“ஒரே ஒரு வேலை, வெர்லின். ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதைக்கூட உன்னால செய்ய முடியலையா?”

அவள் போனை எடுத்தாள். “நான்தான், ஆர்டிஸ். என் இடத்துக்கு ஆள் போட்டாச்சா? ... விடியக்காலை வேலைதான் இருக்கா? சரி, வர்றேன்.”

வெட்கத்தில் அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் வெளிச்சம் வருமுன்பே ஆர்டிஸ் படிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெர்லின் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“நான் கொண்டுபோய் விடுறேன், ஆர்டிஸ். ஏதாவது செய்யறேனே!”

“வேண்டாம்,” என்று காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள் ஆர்டிஸ். “நீ சும்மா இரு.”