முப்பத்திநாலாவது கேள்வி

அறைக்குள் வந்ததும் சார் மின்விசிறியை நிறுத்திவிடுவார். பையைக் கீழே வைப்பது, வியர்வையைத் துடைப்பது, "வந்தாச்சாம்மா?" என்று என்னைக் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். சுவரே கொதிக்கிற நாளிலும் இதில் மாற்றம் கிடையாது. இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். அவர் விரல் பட்டுப் பட்டு அந்த ஒரு சுவிட்ச் மட்டும் மஞ்சளாகி வழவழவென்று இருக்கும்.

அவர் வேலை ஈக்களோடு. வீட்டில் மொய்க்கிற ஈ அல்ல. ஏரிக்கரை, உப்புச்சேறு, பாசி படிந்த கல் இவற்றின்மேல் உட்காரும் கரை ஈ. இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதுவே பெரிய ஈ. காய்ந்த ஒன்றை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் அப்புறம் தேடவே வேண்டாம், போனது போனதுதான். அதனால் ஈப்பெட்டி திறந்திருக்கும்போது அவர் தும்மமாட்டார், சிரிக்கமாட்டார், பேசினாலும் வாயைப் பொத்திக்கொண்டு ரகசியம் சொல்வதுபோலப் பேசுவார்.

பழக்கம் வீட்டுக்கும் போய்விட்டது. சாப்பிட உட்காரும்போதும் மின்விசிறியை நிறுத்துவாராம். மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுல சிக்கனக்காரர்னு நெனச்சேன், தங்கச்சி. அப்புறம்தான் தெரிஞ்சுது, தட்டுல இருக்கறது பறந்துடும்னு பயம். இத்தனை வருஷத்துல என் மூஞ்சிய ஒருநாள் இப்படிக் குனிஞ்சு பாத்திருப்பாரா? நானும் ரெண்டு மில்லிமீட்டர்ல பொறந்திருக்கணும்."

அவர் காதில் இது விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "பெட்டி தொறந்திருக்கு, அப்புறம் சண்டை போடலாம்" என்றார்.

எங்கள் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் முன்கூடத்தில் இருக்கும் திமிங்கல எலும்புக்குத்தான். பூச்சி அறை கட்டடத்தின் பின்கோடியில், மரப்படிகளுக்குக் கீழே. யாரும் வரமாட்டார்கள். அந்துருண்டை வாசனை, பழைய தேக்கு அலமாரிகள், மழை பெய்தால் தகரக் கொட்டகைமேல் கேட்கும் சத்தம். நான் பெருக்கித் துடைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. துடைப்பம் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதிவைத்ததைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பொடியா, இவ்ளோ தெளிவா எழுதறது யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து லேபிள் எழுதுவது என் வேலையாயிற்று. ஆங்கிலம் எனக்கு வாசிக்க வராது. ஆனால் அவர் எழுதிக் கொடுப்பதை அப்படியே சின்னதாக்குவேன். விரல்நகத்தில் பாதி அளவு: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர்.

அட்டை முக்கோணம் வெட்டுவதும் என் வேலைதான். பொடி ஈயை ஊசியால் குத்தினால் உடைந்துவிடும். ஆகவே எள்ளு அளவு கூர்முனை உள்ள ஒரு அட்டை முக்கோணத்தில் அதைப் பசையால் ஒட்டி, முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்துவார்கள். ஊசியில் கீழே லேபிள். லேபிளைப் பற்றி அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்: "லேபிள் இல்லாத ஈ தூசிம்மா. தப்பு லேபிள் போட்ட ஈ பொய். தூசியத் தட்டிடலாம், பொய்யத் தட்ட முடியாது."

பக்கத்து மேசையில் வண்டுக்காரர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வண்டுக்காரரின் வண்டுகள் பச்சையும் செம்பும் நீலமுமாக நகைக்கடை மாதிரி மின்னும். "ஏம்ப்பா ஈக்காரா, என் வண்டு மேல நீ ஏறி நின்னாலும் அது அப்படியே இருக்கும். உன் ஆளு நான் கொட்டாவி விட்டா காணாமப் போறான். இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பார். இவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல், "உன் வண்டு அழகா இருக்குனு கொழந்தைகூடச் சொல்லும். இவன் அழகச் சொல்லணும்னா கண்ணு வேணும்" என்பார். பத்தரை மணித் தேநீர் வரும்வரை இது ஓடும். அந்தச் சத்தம் இல்லாத காலையை அப்போது என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஒரு ஈ இன்னது என்று கண்டுபிடிக்க ஒரு தடித்த புத்தகம் வைத்திருப்பார். அது முழுக்கக் கேள்விகள். இறக்கையில் வெள்ளைப் புள்ளி உண்டா, இல்லையா? உண்டு என்றால் பன்னிரண்டாவது கேள்விக்குப் போ. முகம் புடைத்திருக்கிறதா, தட்டையா? புடைத்திருந்தால் பத்தொன்பதுக்குப் போ. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பெயரில் கொண்டுபோய் விடும்.

ஒரு நாள் உப்பேரி என்கிற உப்புத்தண்ணீர் ஏரியில் பிடித்த பழைய ஈக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தேநீர் ஆறிப்போயிற்று.

"முப்பத்திநாலுல நிக்கிறான்மா. இந்தப் பக்கமும் போகமாட்டேங்கறான், அந்தப் பக்கமும் போகமாட்டேங்கறான்."

சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் ஈ. முன்காலில் மயிர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை; இருக்கக்கூடாத இடத்தில் மூன்று இருந்தன. அதன் வயிற்று நுனியைப் பிரித்து, காரக் கரைசலில் சூடாக்கி, கிளிசரின் துளிக்குள் வைத்துப் பல நாள் வரைந்தார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து பெட்டிக்குள் பெட்டியாக ஈக்களை வரவழைத்து ஒப்பிட்டார். எதுவும் ஒத்துவரவில்லை. இதுவரை யாரும் பெயர் வைக்காத ஈ.

ஆனால் இருந்தது ஒன்றே ஒன்று. "ஒத்த ஆளப் பாத்துட்டு ஊரே இப்படித்தான்னு எழுதலாமா? இன்னொருத்தன் வேணும். அவன் பொண்டாட்டியும் வேணும்." லேபிளில் இருந்த இடம் உப்பேரி. ஆகவே வருடந்தோறும் மழை முடிந்த மாதத்தில் உப்பேரிக்குப் போனார். முழங்கால் சேற்றில் நின்று வலை வீசி, வாயால் இழுக்கும் கண்ணாடிக் குழாயில் ஈக்களை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்துத் திரும்பி வருவார். ஏழு வருடம். எல்லா ஈயும் வந்தது, அது வரவில்லை. வண்டுக்காரர் காலையில் வந்ததும், "முப்பத்திநாலு கெடச்சானா?" என்பார். முதல் வருடங்களில் அது கேலி. பிறகு கேலி தேய்ந்து, வீட்டு நோயாளியை விசாரிப்பதுபோல ஆகிவிட்டது.

ஓய்வுபெற இருபத்திநான்கு நாள் இருந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்றை வைத்தே எழுதிவிடுவது. கட்டுரை தயார், படங்கள் தயார். அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். "இவ்ளோ வருஷம் இவனுக்கு அட்டை வெட்டிக் குடுத்தீங்க, இவனப் பாத்ததே இல்லையே. வாங்க, வந்து பாருங்க. ரெண்டு மில்லிமீட்டர்தான். ஆனா அவனுக்கும் ஒரு மொகம் இருக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். முகம் இருந்தது. கொஞ்சம் கோபக்கார முகம். அதைவிட வேறொன்றில் என் கண் நின்றது. ஈக்குப் பின்னால், அட்டையின் ஓரத்தில், சாலைபோல ஒரு தங்கக் கோடு.

ஈயைப் பார்க்கிறவர் அட்டையைப் பார்ப்பதில்லை. வெட்டியவளுக்குத் தெரியும். அதற்கு ஒன்பது வருடத்துக்கு முன், ஸ்டோரில் வெள்ளை அட்டை வராத ஒரு மாதம், வண்டுக்காரர் மகள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியவற்றின் பின்பக்கத்தைத்தான் வெட்டிக்கொடுத்தேன். ஓரத்தில் தங்கக் கரை போட்ட பத்திரிகை. கல்யாணம் ஜூனில். உப்பேரி லேபிளில் இருந்த தேதியோ அதே வருடம் பிப்ரவரி. பிடித்த அன்றைக்கே ஒட்டாவிட்டால் கால் உதிரும் என்று அவர் எந்த ஈயையும் மறுநாளுக்கு வைத்ததில்லை. பிப்ரவரியில் அந்தப் பத்திரிகை அச்சாகவே இல்லை.

இரண்டு நாள் தரையைத் துடைத்தேன், லேபிள் எழுதினேன். மூன்றாம் நாள் கட்டுரையை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசை கேட்டார். பசையோடு, என் லேபிள் நோட்டில் அடையாளத்துக்கு வைத்திருந்த அந்தக் கல்யாணப் பத்திரிகையையும் நுண்ணோக்கி பக்கத்தில் வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது உப்பேரிப் பெட்டி திறந்திருந்தது. மற்ற அறுபத்திரண்டு ஈக்கள், அத்தனையும் வெள்ளை அட்டையில். தங்கக் கோடு ஒன்றுக்குத்தான்.

"ஜூன்ல நான் எங்கம்மா இருந்தேன்?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல.

வண்டுக்காரர்தான் பதில் சொன்னார். "எங்க இருந்த? கால்ல மாவுக்கட்டு போட்டுக்கிட்டு இதே நாற்காலில இருந்த. உப்பேரிச் சேத்துல வழுக்காத ஆளு உன் வீட்டு வாசப்படியில வழுக்கினியே. என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல."

எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஆறு வாரம் எழுந்து நடக்க முடியாமல், கை மறந்துவிடக்கூடாதென்று ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்த ஈக்களைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டிய தட்டில் உப்பேரி லேபிள் ஒன்று மிச்சம் கிடந்திருக்கிறது. குத்திவிட்டார்.

பெட்டியை மூடினார். எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார். என் மேசையில் நான் வெட்டி வைத்திருந்த முக்கோணங்கள் அறை முழுக்கப் பறந்தன. அவர் மின்விசிறிக்குக் கீழே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் எதையும் பொறுக்கவில்லை.

கொஞ்சநேரம் கழித்து வண்டுக்காரர் மெல்ல, "அந்த லேபிளக் கழட்டிக் கடாசிட்டு வேற எழுதிக் குத்திடுப்பா. யாருக்குத் தெரியப் போவுது? நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கமாட்டோம்" என்றார். கேலிக்காரர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஈக்குத் தெரியும்" என்றார் இவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவர் வெளியே, எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்தார். அங்கே ஒரு குறுகிய சிமெண்டு ஓடை உண்டு. நாங்கள் கை கழுவும் தண்ணீர், நான் தரை துடைத்துக் கொட்டும் தண்ணீர் எல்லாம் அதன் வழியாக மதில் மூலைக்குப் போகும். ஓடையின் பெரும்பகுதி பளிச்சென்று இருந்தது. மூலையில், செடி மறைத்த கடைசி நான்கு அடியில் மட்டும் பச்சைப் பாசி. கண்ணாடிக் குழாய் வாயில் இருந்ததால் கையைக் காட்டித்தான் என்னைக் கூப்பிட்டார். குழாய்க்குள் சாம்பல் பொட்டுகள் நடந்துகொண்டிருந்தன. பதினொன்று. அதில் ஐந்து பெண்.

குழாயை மூடிவிட்டுக் கேட்டார்: "இந்த ஓடைய இவ்ளோ சுத்தமா யாரும்மா தேய்ச்சுக் கழுவறது?"

"நான்தான் சார். சனிக்கிழமை சனிக்கிழமை. பிளீச்சிங் பவுடர் போட்டு."

"எத்தன வருஷமா?"

"வேலைக்குச் சேந்ததுலேர்ந்து."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பெட்டி எதுவும் திறந்திருக்கவில்லை. அதனால் வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நான் ஏழு வருஷம் அங்க தேடறேன். நீங்க இங்க சனிக்கிழமை சனிக்கிழமை... அந்த மூலைய மட்டும் ஏன் விட்டீங்க?"

"தொடப்பம் எட்டாது சார்."

கட்டுரை திருத்தி எழுதப்பட்டது. அதில் ஒரு பத்தியை எனக்குத் தமிழில் சொன்னார்: முதல் ஈயின் ஊசியில் இருக்கும் இட லேபிள் தவறு, தவறு என்னுடையது, ஏழு வருடத் தேடலும் அந்தத் தவறால் வந்தது. தவறான லேபிளைக் கழற்றவில்லை. அதன் கீழேயே இன்னொரு லேபிள் என்னை எழுதச் சொன்னார். வண்டுக்காரர், என் பொண்ணு பேரத்தான் வைக்கணும், பத்திரிகை அவளோடது என்று சண்டை பிடித்தார். இவர் வைத்த பெயருக்கு லத்தீனில் பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தமாம். அதைக் கேட்ட அவர் மனைவி, "யாரு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி?" என்று ஒரு வாரம் விசாரித்தார்.

கட்டுரை அச்சில் வந்தபோது அவர் ஓய்வுபெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. தவறைப் பற்றிய பத்தியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் படங்களைக் காட்டினார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டுக்காரர் மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். அவர் மேசையில் இப்போது ஒரு கணினி இருக்கிறது. அறையில் குளிர்சாதனம் வந்துவிட்டது, மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். சுவிட்ச் மட்டும் சுவரில் இருக்கிறது, மஞ்சளாக. பத்தரை மணிக்குத் தேநீர் வரும்போது யாரும் பேசுவதில்லை.

இவர் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். கை நடுங்குவதால் ஈயைத் தொடுவதில்லை. நுழைந்ததும் விரல் சுவிட்சுக்குப் போகிறது, தட்டுகிறது, பிறகு உட்காருகிறார். போகும்போது முன்வாசல் வழியாகப் போவதில்லை. பின்பக்கம் சுற்றி, மதில் மூலைக்குப் போய், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் தண்ணீர்ப் பாட்டிலில் குடித்தது போக மிச்சமிருப்பதை ஓடையின் கடைசி நான்கடியில் ஊற்றுகிறார்.

சனிக்கிழமைகளில் ஓடையை நான்தான் கழுவுகிறேன். நீளமான துடைப்பம் கொடுத்திருக்கிறார்கள். மூலை வரை எட்டும். நான் அந்தச் செடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.