சாட்சிக்கு வைத்த பொட்டு

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் நான் நிர்வாகியாக இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் ஒட்டடை அடித்து, தரை கழுவி, மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ரத்தம் கழுவும் இடம் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். எங்களுக்கு இரண்டு மையங்கள். ஒன்று இங்கே, இன்னொன்று பாடாங் செராயில். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் சொல்வார்கள், ஆபீஸிலும் சொல்வார்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் நாக்கு முந்திக்கொள்ளும். அன்றைக்கும் அதுதான் முந்தியது.

நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில். அதைப் பார்க்காமல் நர்ஸ் ஊசியைத் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். இந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். பக்கத்து ஊரான திகாம் பத்துவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். கிறிஸ்தவர். அதிகம் பேச மாட்டார்.

அவர் எங்களுக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு இதுதான். இரண்டு மையத்திலும் ஒவ்வொரு பெரிய சர்வர். இங்கே எழுதுவது அங்கேயும் பதியும், அங்கே எழுதுவது இங்கேயும் பதியும். ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று வேலையை ஓட்டும். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். நோயாளி விவரம் எதுவும் அதில் கிடையாது. இரண்டு சர்வரையும் பார்த்துக்கொண்டே இருந்து, இது உயிரோடு இருக்கிறது, அது இல்லை என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அதற்குப் பெயரே ‘விட்னஸ்’, சாட்சி. அதைத் தன் கடையின் பின் அறையில் வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் எனக்கு ஆரம்பத்திலேயே விளக்கியிருக்கிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வேறு எதையோ யோசித்திருப்பேன் போலிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு எங்கள் மையத்தில் எதையும் விட மாட்டோம். எடை பார்க்கும் மெஷின், சக்கர நாற்காலி, நோயாளிகளை ஏற்றி வரும் வேன், தண்ணீர் சுத்தம் செய்யும் டாங்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்றைக்கு எண்ணிப் பார்த்தபோது அந்தச் சாட்சிப் பெட்டி மட்டும் இல்லாதது ஞாபகம் வந்தது. நமக்குச் சோறு போடுகிற மெஷின் ஒன்று எங்கோ தனியாகக் கிடக்கிறதே என்று தம்பிக்குப் போன் போட்டேன். பூஜைக்குக் கொண்டு வரச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். “வேணாங்க்கா, அது அங்கயே இருக்கட்டும்லா” என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பூஜை என்றதும் யோசிக்கிறார் என்று நினைத்தேன். உடனே சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். “ஏன் தம்பி, பொட்டு வச்சா உங்க சாமி கோவிச்சுக்குவாரா?”

 “அப்படியெல்லாம் இல்லைக்கா, கொண்டு வரேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பெட்டியோடு வந்தார். அதை எங்கே சொருகினாலும் தானாகவே இரண்டு மையத்தோடும் பேசிக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தார். நிறுத்தி வைக்கக்கூடாது என்று எங்கள் சர்வர் அறையிலேயே சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நானே என் கையால் பொட்டு வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் போகிறேன் என்றார். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக்கூடாது, நாளைக்கு எடுங்கள் என்றேன். மறுநாள் போன் செய்து வரட்டுமா என்றார். வேலைதான் செய்கிறதே, தீபாவளி முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்டார். சர்வரும் சாட்சியும் ஒரே இடத்தில் இருப்பது சரியில்லை என்று இழுத்தார். எனக்கு அது இன்னும் அந்தப் பொட்டு விஷயம்தான் என்று பட்டது. பிடிவாதமாக, இருக்கட்டும் தம்பி என்று வைத்துவிட்டேன். 

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு மத்தியானம் பேய் மழை. எங்கள் மையம் இருக்கும் கடை வரிசைக்குப் பின்னால் இடி விழுந்தது. வரிசை முழுக்க மின்சாரம் போய்விட்டது. பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது, பிறகு அதுவும் போனது. நல்லவேளை, எங்கள் காலை ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாடாங் செராயில் மின்சாரம் இருக்கிறது, அங்கே ஓடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அங்கிருந்து போன் வந்தது. மெஷின் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் ஒருவருடைய ஃபைலும் திறக்கவில்லை என்றார் நர்ஸ். டாக்டர் பினாங்கில் இருந்தார். அவரும் அதே ஃபைலைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பியைப் பிடித்தேன். அலோர் ஸ்டாரில் வேறு வேலையாக இருந்தார். எங்கள் சர்வரும் சாட்சியும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதால், பாடாங் செராய் சர்வருக்குக் கேட்க ஆள் இல்லை என்றார். மற்ற இரண்டும் போய்விட்டனவா, இல்லை தன்னுடைய லைன்தான் அறுந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. தப்பாக எழுதிவிடக்கூடாது என்று அது அப்படியே நின்றுவிட்டது. பெட்டி திகாம் பத்துவிலேயே இருந்திருந்தால் ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது. இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், பதில் சொன்னார். உடனே கிளம்பி வருகிறேன் என்றார்.

பாடாங் செராயில் காத்திருந்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். மறுநாள் காலையில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். இன்றைக்குத் தண்ணீர் எடுத்துவிட்டால் நாளைக்கு மணவறையில் மூச்சு வாங்காமல் உட்காரலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்.

மற்றவர்களை மறுநாள் காலை வரச் சொன்னோம். அவரால் எப்படி வர முடியும்? நேரம் ஆக ஆக வீட்டிலிருந்து அவருக்குப் போன் மேல் போன். நலங்கு வைக்க வேண்டும், அப்பா எங்கே என்று. நர்ஸ் அவரைக் கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நானே போனில் பேசினேன்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்கம்மா. நான் இல்லாம எப்படி? ஒரு நாள்தானே, தாங்கும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தம்பி மழையில் நனைந்துகொண்டு எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தார். போன் வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைக் கழற்றினார். நான் வைத்த பொட்டு காய்ந்து, அழியாமல் அப்படியே இருந்தது. பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு திகாம் பத்துவுக்கு ஓடினார். அங்கே சொருகிய கொஞ்ச நேரத்தில் பாடாங் செராயில் ஃபைல் திறந்துவிட்டது. நர்ஸை இருக்கச் சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள். ஒரே மேளச் சத்தம். அவர் நலங்கில் உட்கார்ந்திருக்கிறார், சொல்கிறோம் என்றார்கள். அவர் வரவில்லை.

மறுநாள் நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறிய பெண்ணின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த நிலையிலும் கையை ஆட்டி, உள்ளே போங்கள், முகூர்த்தம் தவறக்கூடாது என்று சைகை காட்டினார். தாரை வார்க்க அவருடைய கூடப்பிறந்த தம்பிதான் நின்றார். அந்தப் பெண் தாலி ஏறுகிற நேரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அட்சதை போட முடியவில்லை. 

அவர் பிழைத்துவிட்டார். இன்றும் பாடாங் செராய்க்கு வருகிறார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மெஷின் கெட்டுப்போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். மெஷின் கெடவில்லை ஐயா, நான்தான் என்றேன்.  போனில் கல்யாணப் படத்தைக் காட்டினார். மகள் கையைப் பிடித்திருப்பது அவர் தம்பியின் கை. அந்தப் படத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த வருட ஆயுத பூஜையன்று நான் பெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையில் தம்பியிடமிருந்து போன். “அக்கா, பொட்டு எங்க வைக்கணும், மேலயா முன்னாலயா?” என்றார். தன் கடையில், தானே குங்குமம் வாங்கி வந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். முன்னால் வையுங்கள் என்றேன். ஒரு நாளும் அவர் சாமி கோபித்துக்கொண்டதில்லை. வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றைக்கு, கிண்டல் செய்யாமல், ஏன் தம்பி என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால், அந்தப் படத்தில் அப்பாவின் கை இருந்திருக்கும்.