வளைவில் காய்ந்த நெல்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில், குடியரசு தினத்தன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் நடந்தது இது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் கும்பகோணம் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சம்பா அறுவடை ஆகிவிட்டால் பாதிச் சாலை நெல்லுக்குச் சொந்தம். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். தார்ச்சாலையின் சூட்டில் சீக்கிரம் காயும் என்று அங்கே பரப்பி, சுற்றிலும் கல்லை வைத்துவிட்டு நாங்கள் நிழலில் உட்கார்ந்துவிடுவோம். மிச்சப் பாதியில் பஸ், லாரி, பைக் எல்லாம் எப்படியாவது போய்க்கொள்ள வேண்டியதுதான்.

ஊர் எல்லையில் வாய்க்காலை ஒட்டி ஒரு வளைவு உண்டு. அந்தக் கிராம சபைக்கு முந்தின வாரம், பள்ளி விட்டு வந்த என் மகள் அங்கே நெல்லைச் சுற்றிப் போகப் பார்த்திருக்கிறாள். எதிரே பஸ். மிரண்டுபோய் சைக்கிளோடு வாய்க்கால் கரையில் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாளும் அவள் அதே வழியில்தானே போக வேண்டும்? ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றியே தீருவது என்று கிராம சபைக்குக் கிளம்பினேன்.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். வளைவில் விளக்கும் தடுப்பும் வேண்டும் என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். சாலைப் பாதுகாப்புக்கென்று அரசு நிதி ஒதுக்குகிறதாம். ஆனால், காவல் துறைப் பதிவின்படி எங்கே விபத்து அதிகமோ அந்த இடங்களுக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பது விதியாம். எங்கள் வளைவில் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லையாம்.

“அப்ப யாராவது செத்தாத்தான் வருவீங்களா சார்?” என்று கேட்டேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏனென்றால் செத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் விபத்தென்றால் முதலில் வரும் பயம் போலீஸும் பிரேதப் பரிசோதனையும். உடம்பை அறுக்க விடக்கூடாது என்று ராவோடு ராவாக எரித்துவிட்டு, மாரடைப்பு என்று சொல்லிவிடுவார்கள். சறுக்கிவிட்ட நெல் பங்காளி வீட்டு நெல்லாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். அரசாங்கக் கணக்கில் எங்கள் வளைவு மகா பத்திரமான வளைவு.

அப்போது பெண்கள் பக்கத்தில், கடைசியில் இருந்து ஓர் அக்கா எழுந்தார். எங்கள் தெருதான். கணவர் போன பிறகு வயலைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். சபையில் பேசி நான் பார்த்ததே இல்லை. முன்வரிசையில் அவருடைய கணவரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரே வாசல், ஒரே கிணறு. அந்த வீட்டை அனுசரித்துத்தான் அக்கா வாழ்ந்தாக வேண்டும்.

“எங்க வீட்டுக்காரரு அந்த வளைவுலதான் சார் போனாரு” என்றார். “நெஞ்சு வலின்னு சொன்னது பொய். பைக்கு நெல்லுல சறுக்கிருச்சு. அதுவும் எங்க வீட்டு நெல்லுதான்.”

சொல்லி முடித்த பிறகும் அக்கா உட்காரவில்லை.

கணவரின் அண்ணன் எழுந்தார். சண்டை வரப்போகிறது என்று நாங்கள் பயந்தோம். அவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பொறியாளரைப் பார்த்து, “எழுதிக்கங்க சார். காயப்போட்டது நான்தான்” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மகனைப் பறிகொடுத்தவர், காலை இழந்தவர், அடிபட்டவரை வண்டியில் போட்டு யாருக்கும் தெரியாமல் ஊருக்குக் கொண்டுவந்தவர். எத்தனையோ வருடமாகப் புதைத்து வைத்ததை எல்லாம் சபை நடந்த அந்தக் கொட்டகையில் கொட்டினார்கள். பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பதிவைத் தன்னால் மாற்ற முடியாது, ஆனால் சபை தீர்மானம் போட்டால் அதை வைத்து நேரில் ஆய்வு செய்யக் கேட்கலாம் என்றார். சாலையில் இனி நெல் காயப்போடுவதில்லை என்பதையும் சேர்த்தே தீர்மானம் போட்டோம்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், போனார்கள், மறுபடி அளந்தார்கள். அடுத்த அறுவடைக்கு முன்னால் வளைவில் உயரமான விளக்கும், வாய்க்கால் ஓரம் இரும்புத் தடுப்பும், ஒளிரும் பலகைகளும் வந்தன. நெல்லைக் கோயில் திடலில் முறை வைத்துக் காய வைக்கிறோம். தாமதமாகிறது என்று முணுமுணுக்காதவர்கள் இல்லை. ஆனாலும் யாரும் சாலைக்குப் போவதில்லை.

நிதியும் விதியும் நல்லவைதான். எங்கள் ஊருக்கு அவை வந்து சேர, ஒருவர் தன் வீட்டுத் துக்கத்தைச் சபையில் உள்ளபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்த அக்காவின் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் இனி வரப்போவதில்லை. என் மகள் தினமும் சாயங்காலம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதெல்லாம், இது அந்த அக்கா கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.